காலில் புடைப்பது அந்த நரம்பு இல்லை

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலையில் சீசன் முழுக்க நின்றபடியே பழம் நறுக்குகிற எங்கள் பெரியம்மாவுக்குக் கெண்டைக்காலில் மண்புழு மாதிரி நீலமாக நெளிந்து புடைத்திருக்கும். "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று மெடிக்கலில் கேட்டு, நரம்பு மாத்திரையை இரண்டு வருடம் விழுங்கினார். தப்பு அந்த வார்த்தையிலேயே ஆரம்பிக்கிறது. நம் பேச்சில் வலியை மூளைக்குச் சொல்வதும் நரம்பு, ரத்தம் ஓடுவதும் நரம்பு. இது சிரை, காலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தை மேலேற்றும் குழாய். அதற்குள் மேல்பக்கம் மட்டும் திறக்கிற வால்வுகள் உண்டு. அவை பழுதானால் ஏறிய ரத்தம் திரும்ப வடிந்து தேங்கும், குழாய் வீங்கிச் சுருளும். நரம்புக்கென்று தரும் பி12 மாத்திரை போட்டு வால்வு சரியாகாது.

அடுத்தது எண்ணெய் போட்டு நீவுவது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் சூடாகி வலித்தால் தயவுசெய்து கை வைக்காதீர்கள். உள்ளே ஆழமான சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே தர்மபுரி, கிருஷ்ணகிரி எதுவோ, பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். மூச்சு வாங்கினால் உடனே 108.

சிரைப் புடைப்புக்குப் போடும் இறுக்கமான சாக்ஸ் வாங்கிவிட்டு, சாயங்காலம் கால் வீங்கிய பிறகு அதை மாட்டப் போராடுபவர்கள் நிறைய. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே மாட்ட வேண்டும், படுக்கும்போது கழற்ற வேண்டும். சர்க்கரையோ பீடிப் பழக்கமோ உள்ளவர்களுக்குப் பாதத்தில் நாடித்துடிப்பு பார்க்காமல் போடவே கூடாது, ஏனென்றால் காலுக்கு ரத்தம் கொண்டு வரும் தமனியில் அடைப்பு இருந்தால் சாக்ஸே காலைக் கெடுத்துவிடும்.

உள்கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிப்பதைச் சொறி என்று நினைத்துக் களிம்பு தடவுவார்கள், பிறகு அங்கேயே புண் வரும், அதில் மஞ்சளும் பவுடரும். தேங்கும் ரத்தத்துக்கு வழி செய்யாமல் மேலே எதைப் பூசினாலும் அந்தப் புண் ஆறுவது கஷ்டம், ஆறினாலும் திரும்ப வரும்.

பெரியம்மாவுக்கு ஒருநாள் சொறியும்போது அந்தப் புடைப்பு வெடித்து வாசலெல்லாம் ரத்தம். பதறிப்போய் நாற்காலியில் உட்கார வைத்து, முழங்காலுக்கு மேலே துண்டால் இறுக்கிக் கட்டினோம், இரண்டுமே தப்பு, ரத்தம் இன்னும் கூடியது. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா வந்து கட்டை அவிழ்த்து, தரையில் படுக்க வைத்து, காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி, மடித்த துணியால் அந்த இடத்தை விடாமல் அழுத்தினார். பத்து நிமிடத்தில் நின்றது.