கேனிஸ்டர் ஃபில்டரும் கரியமில வாயு டிஃப்யூசரும்: எதை எங்கே மாட்டுவது?

செடி வளர்க்கும் மீன்தொட்டிக்குக் கரியமில வாயு செலுத்த சிலிண்டர், ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் குறைக்கும் கருவி), சோலனாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வ்), டைமர் எல்லாம் கைவசம் இருக்கிறது, மாட்டவும் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகுதான் பலர் தடுமாறுகிறார்கள்: குமிழி வருகிறது, செடி வளரவில்லை. பெரும்பாலும் வாயு குறைவதால் அல்ல. ஃபில்டரின் நீரோட்டத்தில் அது சேராததால்.

முதலில் குழாய். காற்று பம்புக்குப் போடும் சிலிக்கோன் குழாய் வேண்டாம், அதன் சுவர் வழியாகவே வாயு கசியும். 4/6 மிமீ (உள்விட்டம் 4, வெளிவிட்டம் 6) பாலியூரித்தேன் குழாய் வாங்குங்கள். சிங்கப்பூரில் செராங்கூன் நார்த் அவென்யூ 1, கிளமெண்டி பக்கத்து மீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள். டிஃப்யூசருக்கு (வாயுவை நுண்குமிழியாக்கும் கருவி) முன்னால் செக் வால்வ் (ஒருவழி வால்வ்) கட்டாயம், அம்புக்குறி தொட்டியைப் பார்த்து இருக்கட்டும். அது இல்லாவிட்டால் இரவில் சோலனாய்டு மூடியதும் தொட்டித் தண்ணீர் குழாயில் ஏறி ரெகுலேட்டரை நோக்கி வரும்.

இரண்டு அடிக்கு மேற்பட்ட தொட்டியில் கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய ஃபில்டர்) ஓடினால், ஹோஸின் நடுவே மாட்டும் இன்லைன் டிஃப்யூசர்தான் என் தேர்வு. ஹோஸ் 12/16 மிமீயா, 16/22 மிமீயா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். ஃபில்டரிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் ஹோஸில் மாட்ட வேண்டும். உறிஞ்சும் பக்கம் மாட்டினால் வாயு ஃபில்டர் தலைப்பகுதியில் தேங்கும். இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சுழல்விசிறி) கடகடக்கும், நீரோட்டம் குறையும், சில சமயம் நின்றே போகும். ஹோஸை வெட்டும் முன் இருபக்க வால்வையும் மூடி, முனையை வெந்நீரில் முக்கி, கடைசி வரை தள்ளி நட்டை முறுக்குங்கள்.

இனிதான் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம். இன்லைன் வேலை செய்ய ஏறக்குறைய 2 பார் அழுத்தம் வேண்டும். வால்வைத் திறந்ததும் ஒன்றும் வராது. குழாயில் அழுத்தம் ஏறச் சில நிமிடம் பிடிக்கும். பொறுமையிழந்து, குமிழி அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வை மேலும் மேலும் திறந்தால், அழுத்தம் ஏறியதும் வாயு ஒரேயடியாகப் பாய்ந்து மீனைத் திணறடிக்கும். விநாடிக்கு ஒரு குமிழியில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். அரைமணி நேரமாகியும் பனிபோல் நுண்குமிழி வரவில்லையா? இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் கசிவு தேடுங்கள்.

சிறு தொட்டிக்கு, தொட்டி விளிம்பில் தொங்கும் ஃபில்டருக்கு, பீங்கான் தட்டு டிஃப்யூசர் போதும். ஒரு நாள் நீரில் ஊறவைத்து, அடித்தரைக்குச் சற்று மேலே, நீரோட்டம் குமிழியைக் கீழே தள்ளும் இடத்தில் ஒட்டுங்கள். தொங்கும் ஃபில்டரின் அருவி கரைந்த வாயுவை வெளியேற்றிவிடும்; நீர்மட்டத்தை அதன் உதடு வரை உயர்த்தி வையுங்கள்.

விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வாயு தொடங்கட்டும், அணைவதற்கு ஒரு மணி முன்பு நிற்கட்டும். டிராப் செக்கரில் (நீரில் கரைந்த வாயு அளவை நிறத்தால் காட்டும் சிறு குப்பி) தொட்டித் தண்ணீரை ஊற்றாதீர்கள்; 4 டிகிரி கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) கரைசல்தான் சரி. பச்சை என்றால் ஏறத்தாழ 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்), நீலம் குறைவு, மஞ்சள் ஆபத்து. நிறம் மாற இரண்டு மணி நேரம்கூட ஆகும், ஆகவே ஒரு நாளில் ஒரு முறை மட்டும் ஊசி வால்வைத் திருகுங்கள்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தொட்டி நீர் 29, 30 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் ஆக்சிஜனும் குறைவாகத்தான் கரையும். வாயு வீணாகிறதே என்று மேற்பரப்பு அசைவை முழுக்க நிறுத்திவிடாதீர்கள். மெல்லிய அலை இருந்தே ஆகவேண்டும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால் உடனே வாயுவை மூடி, காற்று பம்பைப் போடுங்கள்.

பின்சேர்ப்பு: சில மாதத்தில் குமிழி பெரிதானால் டிஃப்யூசரில் பாசி அடைத்திருக்கிறது. ஒரு பங்கு பிளீச், மூன்று பங்கு நீர், சில மணி நேரம் ஊறல்; பிறகு நன்றாக அலசி, குளோரின் நீக்கி கலந்த நீரில் மறுபடி ஊறவையுங்கள். பிரஷ்ஷால் தேய்க்க வேண்டாம்.

இன்னொன்று: சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே இருக்கட்டும், பால்கனி வெயிலில் வேண்டாம். உள்ளே திரவம் இருக்கும்வரை மீட்டர் நம் வெப்பநிலையில் 70 பார் அளவிலேயே நிற்கும், எவ்வளவு மிச்சம் என்று காட்டாது. முள் இறங்கத் தொடங்கிவிட்டால் திரவம் தீர்ந்துவிட்டது. மலிவான ரெகுலேட்டர் அந்தக் கட்டத்தில் மிச்ச வாயுவை மொத்தமாகக் கொட்டிவிடக்கூடும், அன்றே கழற்றி நிரப்பக் கொடுத்துவிடுங்கள்.