பஷ்தூன் வாள் வாங்குவதற்கு முன் அலகைப் பாருங்கள்

செங்கோட்டையில் எங்களுக்குக் கொல்லுப்பட்டறை. புனலூர், ஆரியங்காவு பக்கத்துத் தோட்டங்களுக்கு அரிவாள் அடித்துக் கொடுப்பது தொழில்; ஆப்கானிஸ்தான்–பாகிஸ்தான் எல்லைப் பக்கத்துப் பஷ்தூன் மக்களின் பழைய வாள்களைச் சேர்ப்பது ஆசை. புதிதாகச் சேர்க்க வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பிடியின் வேலைப்பாட்டில் மயங்காதீர்கள். பிடியை யாரும் மாற்றிவிடலாம். அலகுதான் வாள்.

முதலில் கைபர் கத்தி. பேர்தான் கத்தி, பெரியவை வாள் நீளம் இருக்கும். பிடியருகே அகலம், போகப்போகக் குறுகி நுனி கூர்மை. கைக்காப்பு கிடையாது, பிடியில் பாதியை உறையே விழுங்கிவிடும். முதுகைக் கவனியுங்கள். தண்டவாளத் துண்டைக் கவிழ்த்த மாதிரி மேலே தட்டைப் பட்டை, கீழே மெல்லிய அலகு. எடை ஏறாமல் அலகு விறைப்பாக நிற்க இந்த அமைப்பு. அடிக்கிறவனுக்குத்தான் இதன் சிரமம் தெரியும்: தடித்த முதுகும் மெல்லிய வாயும் (வெட்டும் விளிம்பு) ஒரே துண்டில் இருந்தால், காய்ச்சித் தோய்க்கும்போது ஒன்றுபோல் குளிராது, கோணிக்கொள்ளும். நீளமாகவும் நேராகவும் வந்திருந்தால் அது பெரிய கை அடித்தது.

பட்டையும் அலகும் சேரும் மூலையில் வெல்டிங் கோடோ, கிரைண்டரின் சீரான கீறல்களோ தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஆசிட் ஊற்றி வரவழைத்த துரு எங்கும் ஒரே செம்மஞ்சளாக இருக்கும். பழைய துரு கருத்து, திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும்.

அடுத்தது புல்வார். வளைந்த, ஒருபக்க வாய் கொண்ட வாள். நம் நாட்டு வளைந்த வாளான தல்வாரின் பிடி முனையில் தட்டு, புல்வாரில் கிண்ணம். கைக்காப்பின் இரு முனைகளும் அலகை நோக்கி வளையும். அலகு பாரசீகத்திலிருந்தோ இந்தியாவிலிருந்தோ போனதாக இருப்பதுண்டு. வெயிலில் சாய்த்துப் பார்த்து நெளிவரிகள் தெரிந்தால் அது மூசையில் (உருக்கும் மண்கலம்) உருக்கிய எஃகாக இருக்கலாம். அந்த எஃகு நம் தெற்கத்தியது. தெலங்கானாவின் கோனசமுத்திரத்திலிருந்து பாரசீகம் வரை போனது. அப்படி ஓர் அலகைக் கையில் ஏந்தினால் எனக்குப் பேச்சு எழாது. வரிகளை எடுப்பாக்குகிறேன் என்று வீட்டில் ஆசிட் தடவாதீர்கள்.

அமீர் அப்துர் ரஹ்மான் கான் காலத்தில் (1880–1901) காபூல் ஆயுதத் தொழிற்சாலை செய்த படைவாள்களும் உண்டு. பலவற்றில் முத்திரை இருப்பதால் தொடக்கத்துக்கு நல்லவை.

அப்புறம் சட்டம். 100 ஆண்டு தாண்டியது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். விற்பவருக்கு உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கொச்சி மட்டாஞ்சேரிப் பழம்பொருள் கடைகளில் வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். தந்தப் பிடி வேண்டவே வேண்டாம். 9 அங்குலத்துக்கு மேல் அலகுள்ள வாள் ஆயுதச் சட்டத்துக்குள் வரும்; வாங்குமுன் கலெக்டர் ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.

எங்கள் ஊர்ச் சாரல் இரும்புக்கு எமன். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் உறை வேறு, அலகு வேறாக வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் கெட்டுப்போகும். தையல் மிஷின் எண்ணெய் போதும். ஆனி, ஆடியில் வாரம் ஒருமுறை துடைத்துப் புதிதாகத் தடவுங்கள். வெறுங்கையால் அலகைத் தொட்டால் அன்றே துடைத்துவிடுங்கள்.