பேரிங் ஆயுள் கணக்கு: தப்பு நுழையும் இடங்கள்

1440 ஆர்பிஎம் வேகத்தில் ஓடும் மோட்டாரில் 6308 என்ற அளவெண் கொண்ட ஒரு பால் பேரிங். கேட்டலாக்கில் அதன் டைனமிக் சுமைத்திறன் (பத்து லட்சம் சுற்று ஆயுள் தரும் சுமை) ஏறத்தாழ 42 கிலோநியூட்டன், மேலே விழும் சுமை 4. 42-ஐ 4-ஆல் வகுத்தால் 10.5. அதன் கனம் (10.5 × 10.5 × 10.5) 1,158; அத்தனை மில்லியன் சுற்றுகள். மணிக்கு 86,400 சுற்று என்ற கணக்கில் 13,400 மணி நேரம். இடைவிடாமல் ஓடினால் ஒன்றரை வருடம்.

இந்த 13,400-ஐ “அதுவரை கண்டிப்பாகத் தாங்கும்” என்றோ “அதோடு முடிந்தது” என்றோ எடுத்துக்கொண்டால் இரண்டுமே தப்பு. ஒரே மாதிரி நூறு பேரிங்கை ஒரே சுமையில் ஓட்டினால், இந்த நேரத்துக்குள் பத்து போய்விடும், தொண்ணூறு தாக்குப்பிடிக்கும். பாதி போக ஏறக்குறைய ஐந்து மடங்கு நேரம் ஆகும். ஆனால் மோட்டாரில் இருப்பது ஒரு பேரிங் அல்ல, இரண்டு. இரண்டுக்கும் 13,400 என்றே வைத்துக்கொண்டாலும், எதுவுமே போகாமல் மோட்டார் ஓடுவதற்கான அதே 90 சதவீத நம்பகம் 7,200 மணிக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

சுமையைச் சராசரி எடுப்பதில் இன்னும் பெரிய அடி. நேரத்தில் 10 சதவீதம் 8 கிலோநியூட்டன், மீதி 90 சதவீதம் 2 கிலோநியூட்டன் என்றால் சாதாரணச் சராசரி 2.6. பேரிங்குக்கு அந்த எண் பொருந்தாது. ஒவ்வொரு சுமையையும் கனப்படுத்தி, நேரப் பங்கால் பெருக்கி, கூட்டி, கனமூலம் எடுத்தால் வருவது 3.88. 2.6 போட்டுக் கணக்குப் பார்ப்பவருக்கு ஆயுள் மூன்று மடங்குக்கு மேல் கூடுதலாகத் தெரியும். ரோலர் பேரிங்குக்கு அடுக்கு 3 அல்ல, 10/3. அங்கே இடைவெளி இன்னும் விரியும்.

இவையெல்லாம் எண்ணில் வரும் தப்பு, திருத்திவிடலாம். எதைக் கணக்கிடுகிறோம் என்பதிலேயே தப்பினால் திருத்த வழியில்லை. 1947-இல் லுண்ட்பெர்க், பால்ம்கிரென் ஆகியோர் தந்த கோட்பாட்டின் மேல் நிற்கும் இந்தச் சூத்திரம், உலோகக் களைப்பை மட்டுமே அளக்கிறது: ரேஸ் (பாலோ ரோலரோ உருளும் வளையம்) பரப்புக்கு அடியில் விரிசல் பிறந்து, மேலே வந்து, செதில் பெயரும் வரையிலான ஓட்டம். பரப்பு தேய்வது இதில் வரவே வராது. பேரிங் ஆயுள் கணக்குக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 281-இல் பின்னால் சேர்ந்த திருத்தக் காரணி எண்ணெய்ப் படலத்தையும் அழுக்கையும் கணக்கில் எடுக்கிறது, உண்மைதான். அதுவும் அவை களைப்பை எவ்வளவு விரைவுபடுத்தும் என்றுதான் சொல்கிறதே தவிர, எத்தனை மைக்ரான் தேயும் என்று சொல்வதில்லை.

இதில் அதிகம் ஏமாற்றுவது மெதுவாகச் சுற்றும் பேரிங். 50 ஆர்பிஎம், சராசரி விட்டம் 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சூத்திரம் பல பத்தாண்டு ஆயுளை அள்ளித் தரும். ஆனால் இந்த வேகத்தில் ரோலரையும் ரேஸையும் பிரித்து வைக்க, ஓடும் சூட்டில் எண்ணெய்க்கு 140 சென்டிஸ்டோக்ஸ் அளவுக்குக் கெட்டித்தன்மை வேண்டும். “150 நம்பர் எண்ணெய்தானே ஊற்றியிருக்கிறோம்” என்பார்கள். அந்த 150 என்பது 40 டிகிரியில். 70 டிகிரியில் அதே எண்ணெய் 40 சென்டிஸ்டோக்ஸுக்கு அருகில் வந்துவிடும், அதாவது தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இரும்பும் இரும்பும் உரசித்தான் ஓடும். செதில் பெயர வேண்டிய காலம் வருவதற்கு வெகு முன்பே பேரிங் தேய்ந்து தளர்ந்துவிடும்.

ஆகவே தேய்மானத்தை அளந்துதான் பார்க்க வேண்டும். ஸ்பெரிகல் ரோலர் பேரிங் என்றால், மாட்டிய அன்றே, குளிர்ந்த நிலையில், சுமை விழாத மேல்பக்கத்தில் ஃபீலர் கேஜ் (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) விட்டு கிளியரன்ஸை, அதாவது ரோலருக்கும் ரேஸுக்கும் உள்ள இடைவெளியை, எழுதிவைக்க வேண்டும். பெட்டியில் இருந்தபோது இருந்த அளவு உதவாது, ஷாஃப்டில் ஏறும்போதே அது குறைந்துவிடும். மெஷினை நிறுத்திய சூட்டோடு அளப்பதும் வீண். உள் ரேஸ் வெளி ரேஸைவிடச் சூடாக இருப்பதால் இடைவெளி இறுகி, தேய்மானம் மறைந்துகொள்ளும். ஃபீலர் இலையைச் செருகும்போது ரோலர் அதன் மேல் உருண்டு ஏறவும் விடக்கூடாது. இரண்டு அளவை வைத்து நேர்கோடு போட்டு “இன்னும் இத்தனை மாதம்” என்று சொல்லிவிடவும் கூடாது. புதிதில் கொஞ்சம் வேகமாகத் தேயும், பிறகு நிதானமாகும், உதிர்ந்த இரும்புத்தூள் கிரீஸில் சேர்ந்தபின் அதுவே அரம்போல வேலை செய்து வேகம் பிடிக்கும். மூன்றாவது, நான்காவது அளவுகள்தான் கோடு எங்கே வளைகிறது என்று காட்டும்.

சின்ன பால் பேரிங்கைக் கையில் பிடித்து ஆட்டி, “பிளே வந்துவிட்டது” என்று தூக்கிப்போடுவது ஒர்க்‌ஷாப்பில் சகஜம். 6206 சி3 (கிளியரன்ஸ் கூடுதலாக வைத்த வகை) புதிதிலேயே 13 முதல் 28 மைக்ரான் ஆரக் கிளியரன்ஸோடுதான் வருகிறது. அச்சுவாக்கில் ஆட்டும்போது அது பத்து மடங்குவரை பெரிதாகத் தெரியும். கால் மில்லிமீட்டர் ஆடுகிறது என்பதற்காக நல்ல பேரிங் குப்பைக்குப் போகிறது.

கழற்றியவுடன் டீசலில் போட்டுக் கழுவுவதைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. முதலில் வெளி ரேஸில் எது மேல்பக்கம், எது கப்ளிங் பக்கம் என்று குறியிட வேண்டும். கொஞ்சம் கிரீஸைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பிறகு ஓடிய தடத்தைப் பார்க்கலாம். உள் ரேஸ் சுற்றி, சுமை ஒரே திசையில் இருந்தால், உள் ரேஸில் தடம் சுற்றிலும் ஓடும், வெளி ரேஸில் சுமைப் பக்கம் மட்டும், பாதி வட்டத்துக்கும் குறைவாக இருக்கும். வெளி ரேஸிலும் முழு வட்டம் தெரிந்தால் பேரிங் இறுகி ஓடியிருக்கிறது. ஃபிட்டையும் (ஷாஃப்டிலும் கூட்டிலும் பொருந்தும் இறுக்கம்) கிளியரன்ஸ் வகுப்பையும் சரிபார்க்க வேண்டும். தடம் சாய்ந்து கிடந்தால் அலைன்மென்ட் (நேர்ப்பொருத்தம்) தப்பு. கண்ணாடிபோலப் பளபளத்தால் மகிழக்கூடாது: மெல்லிய தூசும் மெலிந்த எண்ணெயும் சேர்ந்து மெருகேற்றியிருக்கின்றன, அதுதான் தேய்மானம். குறுக்கே துணி துவைக்கும் பலகைபோல வரிவரியாக இருந்தால் மின்சாரம் பாய்ந்திருக்கிறது. வி.எஃப்.டி. (வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) மாட்டிய மோட்டாரில் இதைத்தான் முதலில் தேட வேண்டும். புது பேரிங் போட்டாலும் அதே வரி திரும்பவும் விழும்.

ஸ்டாண்ட்பை பம்பில் “ஓடவே இல்லை, புதுசு மாதிரிதான்” என்று மணிக்கணக்கைப் பூஜ்யமாக எழுதுவார்கள். பக்கத்துப் பம்பின் அதிர்வில் பால்கள் நின்ற இடத்திலேயே நடுங்கி, கிரீஸைப் பிதுக்கித் தள்ளி, ரேஸில் பால் இடைவெளிக்கு ஒன்றாகக் குழி தோண்டியிருக்கும். குழியோரம் செம்பழுப்புத் தூள் ஒட்டியிருக்கும். அந்தப் பம்பை வாரம் ஒருமுறையாவது கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டால், பால்கள் ஒரே இடத்தில் நிற்காமல் மாறிக்கொண்டிருக்கும்.