பேர்போன் கிட்டில் மேசைக் கணினி: டெல்டா வீட்டுக்கும் கடைக்கும்

பேர்போன் கிட் என்று கடைக்காரர் எடுத்து வைக்கும் சிறு பெட்டியில் கணினியின் ஒரு பாதிதான் இருக்கிறது. உலோகக் கூடு, அதற்குள் பொருத்தப்பட்ட, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு, ஓர் அடாப்டர், சில கேபிள்கள், ஒரு பொட்டலம் திருகாணிகள்; அவ்வளவுதான். தற்காலிக நினைவகமான ரேமும் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும் பெரும்பாலும் நாம் வாங்கிப் போட வேண்டியவை. கணினியின் மூளையான ப்ராசசர், அதைக் குளிர்விக்கும் ஃபேன், வைஃபை அட்டை ஆகியவை சில கிட்டுகளில் இருக்கும், சிலவற்றில் இராது. ஆகவே கிட்டின் விலையைக் கேட்டு மகிழ்வதற்கு முன், அதில் எவையெல்லாம் இல்லை என்று ஒரு தாளில் எழுதி, மானிட்டர், யுபிஎஸ் வரை ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு, 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பதே முதல் வேலை.

அப்படிக் கூட்டிப் பார்த்தால், சாதாரண டவர் கணினியைவிடப் பேர்போன் சில சமயம் விலை கூடுதலாகவே வரும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மன்னார்குடியில் என் தங்கை கணவர் நடத்தும் ஜெராக்ஸ் கடையைப் போல, மேசையில் ஒரு முழ இடம்கூட மிச்சமில்லாத, மழைக்காலத்தில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கும் இடத்துக்கு, குறைந்த வாட்டில் ஓடும் சிறிய கணினியே பொருத்தம். பெரிய விளையாட்டுகளும் தனி கிராபிக்ஸ் அட்டையும் வேண்டுமென்பவர் இந்த வழிக்கு வர வேண்டாம்.

கிட்டில் இரண்டு வகை உண்டு. ப்ராசசர் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பது ஒன்று. இன்டெல் அறிமுகப்படுத்தி, 2023-இல் கைவிட, அசூஸ் எடுத்துக்கொண்ட நக் வரிசை இத்தகையது. ரேமையும் எஸ்எஸ்டியையும் போட்டால் வேலை முடிந்தது, ஆனால் பின்னாளில் ப்ராசசரை மாற்ற இயலாது. மற்றொன்று, ப்ராசசரைக் கழற்றி மாட்டும்படி சாக்கெட் உள்ள வகை. அஸ்ராக் டெஸ்க்மினி எக்ஸ்300 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: ஏஎம்4 சாக்கெட், 120 வாட் அடாப்டர், மடிக்கணினி ரேமுக்கான இரண்டு இடங்கள், 65 வாட் வரையிலான, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் ஜி வரிசை ப்ராசசர்கள். கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த ரைசன் 5 5600ஜி போன்ற ஆறு கோர் ப்ராசசர் அலுவலக வேலைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் தாராளம். ப்ராசசரைப் பெட்டியுடனும் வரிசை எண் குறித்த ரசீதுடனும் வாங்க வேண்டும். பெட்டியில்லாமல் மலிவாகத் தரப்படும் ட்ரே சரக்குக்கு, பெட்டிச் சரக்குக்குக் கிடைக்கும் மூன்றாண்டு உத்தரவாதம் பெரும்பாலும் கிடைக்காது.

முதல் முறை நான் சறுக்கியது ஃபேனில்தான். ப்ராசசர் பெட்டிக்குள்ளேயே ஒரு ஃபேன் இருப்பதைப் பார்த்து, ஒரு செலவு மிச்சம் என்று திருச்சியிலிருந்து மகிழ்ச்சியோடு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து பொருத்திய பிறகு மூடி மூடவில்லை. ஃபேனின் உயரம் 54 மி.மீ.; கூடு அனுமதிக்கும் உயரம் 46 மி.மீ. இரண்டு அளவுகளும் தயாரிப்பாளர்களின் பக்கங்களில் தெளிவாகவே இருந்தன; படிக்காதது என் குற்றம். 37 மி.மீ. உயரமுள்ள வேறொரு ஃபேன் சென்னையிலிருந்து கூரியரில் வந்து சேரும்வரை எல்லாம் அட்டைப் பெட்டியில் காத்துக் கிடந்தன. அளவுநாடாவின் வேலை ஆசாரிக்கு மட்டும் உரியதன்று.

ரேம் வாங்கும்போது மடிக்கணினிக்கான சிறிய வகையா, எந்தத் தலைமுறை, டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்பதைக் கிட்டின் குறிப்பேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். உள்ளமைந்த கிராபிக்ஸ் ரேமையே கடன் வாங்கிக்கொள்வதால், ஒரே 16 ஜிபி துண்டைவிட இரண்டு 8 ஜிபி துண்டுகள் கூடுதல் வேகம் தரும். எஸ்எஸ்டியில் 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்று பொருள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பழைய சாட்டா இணைப்பு முறையில் இயங்கும் எம்.2 (பட்டை வடிவ) எஸ்எஸ்டியை, வேகமான என்விஎம்இ முறையை மட்டும் ஏற்கும் இடத்தில் போட்டால் கணினிக்கு அது கண்ணிலேயே படாது.

பொருத்தும் வேலையை அதிகாலையில் வைத்துக்கொள்வது நல்லது. சித்திரை, வைகாசியில் நடுப்பகலில் உட்கார்ந்தால் நெற்றி வியர்வை மதர்போர்டில் சொட்டும். மின்விசிறியைப் போட்டாலோ தூசி வந்து படியும். நம் ஊர் ஈரக்காற்றில் நிலைமின்சாரத் தொல்லை குறைவு என்றாலும், பாலியெஸ்டர் உடையைத் தவிர்த்து, அடாப்டரைச் செருகாத நிலையில், ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் கூட்டின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ள வேண்டும்.

ஏஎம்4 ப்ராசசரின் அடியில் 1,331 ஊசிகள் இருக்கின்றன. சாக்கெட்டின் நெம்பை உயர்த்தி, ப்ராசசரின் மூலையிலுள்ள முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வைத்தால் அது தன் எடையிலேயே உட்கார்ந்துவிடும். உட்காரவில்லையென்றால் எடுத்துத் திசையைப் பார்க்க வேண்டுமே தவிர, அழுத்தவே கூடாது. நெம்பை இறக்கிய பின், வெப்பத்தை ஃபேனுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை நடுவில் ஒரு பச்சைப்பயறு அளவுக்கு வைத்தால் போதும். ஃபேனின் அடியில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருந்தால் அதுவும் தேவையில்லை. ஃபேனின் நான்கு திருகாணிகளையும் லாரிச் சக்கரத்து நட்டுகளைப் போல எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஃபேன் வயரைச் செருக மறப்பவர்கள் அதிகம். ரேமை வெட்டுக்குறி பார்த்துச் சாய்வாக நுழைத்து, பக்கக் கொக்கிகள் சொடுக்கும்வரை கீழே அழுத்தவும். எஸ்எஸ்டியின் திருகாணி எள்ளளவுதான் இருக்கும். கைதவறி உள்ளே விழுந்தால், அதைக் கண்டெடுக்காமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது.

மூடியைத் திருகுவதற்கு முன் ஒருமுறை இயக்கிப் பார்க்கவும். முதல் தடவை ரேமைப் பழகிக்கொள்ளக் கணினி சற்று நேரம் எடுக்கும். ஓரிரு நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருந்தாலும் பிளக்கைப் பிடுங்க வேண்டாம். அதன் பிறகும் படம் வராவிட்டால் ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்து, இரண்டு இடங்களிலும் மாற்றிப் பார்க்கலாம். கிட் பழைய சரக்காகவும் ப்ராசசர் புதியதாகவும் இருந்தால், கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ் புதுப்பிக்கப்படாததே காரணமாக இருக்கக்கூடும். வாங்கும்போதே கடையில் புதுப்பித்துத் தரச் சொல்வது அலைச்சலைக் குறைக்கும். பயாஸ் திரை வந்ததும் ரேமின் அளவு, எஸ்எஸ்டியின் பெயர், ப்ராசசரின் வெப்பம் ஆகியவற்றைச் சரிபார்க்கவும். மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக எழ வேண்டுமா என்று கேட்கும் அமைப்பும் அங்கேதான் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் மூன்று முறை மின்சாரம் வந்து போகும் ஐப்பசி, கார்த்திகை நாட்களை எண்ணி, வேண்டாம் என்றே வைத்துவிடுங்கள்.

பென் டிரைவில் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் ஏற்றி நிறுவினால் மென்பொருள் செலவே இல்லை; தமிழ்99 விசைப்பலகையும் அதில் அமையும். பழைய எழுத்துரு மென்பொருள்களை நம்பியிருக்கும் தட்டச்சுக் கடைகளுக்கு மட்டும் விண்டோஸ் தேவைப்படும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் விண்டோஸ் 11-ஐத்தான் போட வேண்டும். அதற்குப் பயாஸில் டிபிஎம் என்னும் பாதுகாப்பு வசதி இயங்கும்படி இருப்பது அவசியம்.

இத்தகைய கணினியும் சிறிய மானிட்டரும் சேர்ந்து சாதாரண வேலையில் 70 வாட்டைத் தாண்டுவது அரிது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி கொண்ட 600 விஏ யுபிஎஸ், பேட்டரி புதிதாக இருக்கும்வரை ஏறத்தாழ அரை மணி நேரம் தாங்கும். பழைய ஓட்டு வீடுகளில் எர்த் இல்லாத பிளக்குகள் இன்னும் இருக்கின்றன. கூட்டைத் தொட்டால் விரலில் சுரீரென்றால், கணினியைத் திட்டாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று ரேமின் தொடுமுனைகளை மங்கச் செய்யும். பென்சில் ரப்பரால் மென்மையாகத் தேய்த்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மழைக்காலத்தில் வேலையில்லாவிட்டாலும் தினம் அரை மணி நேரம் ஓட விடுவது உள்ளே ஈரம் தங்காமல் காக்கும். பல்லியும் எறும்பும் வெதுவெதுப்பைத் தேடி வரும் என்பதால் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் மூடியைக் கழற்றினால் ஃபேனில் நெற்சுணையும் வைக்கோல் தூசியும் அப்பியிருப்பதைக் காணலாம். இறக்கைகள் சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டியெடுக்கவும்.