லயன் வீட்டு லேப்டொப்பில் பைதன்

உயர்தரத்தில் ஐ.சி.டி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) எடுத்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். கணினிக்கு நிரல் எழுதும் மொழியான பைதன் உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கூட லேபில் எப்போதாவது தொட்டால் அது கைக்குப் படியாது. வீட்டில் ஒரு பழைய லேப்டொப் இருந்தால் போதும். சிக்னல் கிடைக்காத தோட்டத்து டிவிஷனாக இருந்தாலும் கவலை வேண்டாம். ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு நெட் தேவையே இல்லை.

ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ போகும்போது பைதன் டொட் ஓர்க் தளத்திலிருந்து விண்டோஸ் இன்ஸ்டோலரை பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 30 எம்.பி.தான். 'இன்ஸ்டோல் மனேஜர்' என்று இருப்பதை எடுக்காதீர்கள், அது வீட்டுக்கு வந்ததும் மறுபடி நெட் கேட்கும். விண்டோஸ் 7 மெஷினுக்கு 3.8.10 பதிப்பை எடுங்கள். அதற்குப் பின்னால் வந்த 3.9 அதில் ஏறாது. விண்டோஸ் 10 என்றால் புதியதையே போடலாம்.

இன்ஸ்டோலரைத் திறந்ததும் அவசரப்பட்டு 'இன்ஸ்டோல் நவ்' அழுத்த வேண்டாம். அடியில் 'பாத்' என்ற சொல்லோடு ஒரு சின்னக் கட்டம் இருக்கும். முதலில் அதில் டிக் போடுங்கள். பைதன் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று விண்டோஸுக்குத் தெரிவதே அதனால்தான். போட்டு முடிந்ததும் கமாண்ட் பிராம்ப்டை (கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை) திறந்து, ஆங்கிலச் சிறிய எழுத்தில் பைதன் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு ஹைபன், அதோடு ஒட்டி வேர்ஷன் என்று அடியுங்கள். பதிப்பு எண் வந்தால் சரி. எண் வராமல், பைதனைக் காணவில்லை என்பதுபோல் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தால் டிக் விடுபட்டிருக்கிறது. அதே இன்ஸ்டோலரை மறுபடி ஓடவிட்டு, 'மொடிஃபை' வழியாகப் போய்ச் சரிசெய்யலாம்.

எழுதுவதற்கு வேறெதையும் தேட வேண்டாம். பைதனோடு கூடவே வரும் 'ஐடில்' போதும். ஃபைல், நியூ ஃபைல் போய் முதல் வரியில் இப்படி எழுதுங்கள்:

கொழுந்து = [18, 21, 16]

ஆமாம், தமிழிலேயேதான். பைதன் 3 தமிழ்ப் பெயர்களை அப்படியே ஏற்றுக்கொள்ளும். எனக்கு இதில் இருக்கும் சந்தோஷம் கொஞ்சமல்ல. அம்மா மூன்று நாள் பறித்த தேயிலைக் கொழுந்தின் கிலோக்கணக்கை அவர் சொல்லும் சொல்லாலேயே எழுதலாம். அடுத்த வரியில் பிரின்ட், அடைப்புக்குறி, சம், மறுபடி அடைப்புக்குறி, உள்ளே கொழுந்து, கடைசியில் இரண்டு அடைப்புக்குறியையும் மூடுங்கள். கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கில எழுத்தில். சேமித்து எஃப்5 அழுத்தினால் 55 வரும். கோப்பின் பெயர் ஆங்கிலத்தில், கடைசியில் டொட் பி வை என்று இருக்கட்டும்.

பழைய விண்டோஸின் நோட்பேடில் எழுதாதீர்கள். வழக்கம்போல் சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், திரும்பக் கிடைக்காது. கமாண்ட் பிராம்ப்டில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். அந்தத் திரைக்குத்தான் தமிழ் சரியாகக் காட்டத் தெரியவில்லை, கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூன், ஜூலை மழையில் கரன்ட் சொல்லிக்கொண்டு போகாது. ஐடில் தானாகச் சேமிக்காது. பத்து வரிக்கு ஒருமுறை கன்ட்ரோல், எஸ் அழுத்துங்கள்.