காப்டிக் துணி பாக்குறப்போ நிறைய பேர் பண்ற தப்புங்க

மியூசியத்துல கண்ணாடிக்குள்ள உள்ளங்கை சைஸ்ல ஒரு வட்டத் துணி, உள்ள ஒரு முயலோ ஆடுற பொண்ணோ, கீழ எகிப்து, காப்டிக்னு (காப்ட்னா எகிப்து நாட்டுக் கிறிஸ்தவங்க, அவங்க பேர்ல சொல்ற பழைய எகிப்துத் துணி) எழுதியிருக்கும், பாத்த உடனே எம்ப்ராய்டரின்னு சொல்லிடுறாங்க. முதல் தப்பே அதுதான். பெரும்பாலும் அது ஊசி வேலையே இல்லைங்க, தறியிலயே நெய்தது. லினன் துணி நெய்யும்போதே டிசைன் வர்ற இடத்துல மட்டும் சாதா ஊடைய (குறுக்கு நூல) நிறுத்திட்டு, கலர் கம்பளி நூலை பாவுக்குள்ள (தறியில நீளவாக்குல கட்டின நூலுக்குள்ள) போக வர ஓட்டி நெருக்கி அடிச்சிருக்காங்க, டேப்பஸ்ட்ரி முறை. அந்தக் கரு ஊதா மேல மெல்லிசா வெள்ளைக் கோடு ஓடுமே, அதுகூட நெசவு நடக்கும்போதே தனி லினன் நூலை பாவுல சுத்திச் சுத்திக் கொண்டுவந்ததுதான், எவ்வளவு பொறுமை வேணும்!

அடுத்தது, அதைத் தனிப் படமா பாக்குறது. அது ஒரு ஆளு போட்ட டூனிக்கோட (தலை வழியா மாட்டுற அங்கியோட) பாகம். தோள்லயும் முட்டிகிட்டயும் வட்டமோ சதுரமோ வரும், தோள்லேர்ந்து கீழ ரெண்டு பட்டை இறங்கும், கை நுனியிலயும் பட்டை. 1880கள்லேர்ந்து எகிப்துல அக்மிம்ங்கற ஊர்க் கல்லறைகள்ல, அப்புறம் ஆன்டினோயிங்கற பழைய ஊர்ல இதுங்க குவியலா கிடைச்சப்போ கலர் பாகத்த மட்டும் வெட்டி வித்துட்டு வெறும் லினனை தூக்கிப் போட்டுட்டாங்க, மனசு ஆறவே மாட்டேங்குது. ஒரே டூனிக்கோட துண்டுங்க வேற வேற மியூசியத்துல கிடக்கு. அதனால கையில இருக்குற துண்டுல ஓரத்துல கொஞ்சம் லினன் ஒட்டியிருந்தா அசிங்கமா இருக்குன்னு ட்ரிம் பண்ணிடாதீங்க, தண்ணியிலயும் போடாதீங்க. பாவு எந்தப் பக்கம் ஓடுதுன்னு அந்த ஓரம்தான் சொல்லும். பல டூனிக்க ஒரு கைலேர்ந்து மறு கை வரைக்கும் பக்கவாட்டுல நெய்தாங்க, உடுத்தும்போது பாவு படுக்கையா வரும், அத வச்சு துண்டு எப்படி உக்காந்திருந்ததுன்னு கணிக்கலாம்.

காப்டிக்னா எல்லாம் கிறிஸ்தவப் படம்னு நினைக்கிறதும் தப்பு. பைபிள்ல வர்ற யோசேப்பு கதையும் உண்டு, ஆனா கிரேக்க மது தெய்வம் டயோனைசஸ், கடல் கன்னிங்க, வேட்டைக்காரங்க, நைல் நதிக் காட்சின்னு பழைய கிரேக்க, ரோமச் சரக்கும் ஏராளம். 641ல அரபுப் படை எகிப்த பிடிச்ச பிறகும் இந்த நெசவு நிக்கல.

ஊதாவப் பாத்ததும் ராஜாக்களோட கடல் சங்குச் சாயம்னு எழுதுறாங்க, டெஸ்ட் பண்ணா அனேகமா மேடர் வேர்ச் சிவப்பும் நீலச் சாயமும் சேந்த கலவைதான். ஸ்டைல மட்டும் வச்சு நூற்றாண்டு சொல்றதும் வேணாம், கார்பன் டேட்டிங் வந்தப்புறம் பழைய லேபிள் பல மாறிடுச்சு. வாங்குற ஐடியா இருந்தா, எகிப்துலேர்ந்து எப்போ வெளிய வந்ததுன்னு பேப்பர் கேளுங்க, ஃப்ரேம்ல ஒட்டின துண்டுன்னா பின்பக்க போட்டோவும் கேளுங்க, ரெண்டு மூணு துணிய ஒண்ணா தைச்சு ஒரே பீஸ்னு விக்கிறதும் நடக்குது.