கிழங்குக் கொட்டகை எலிக்குப் போட்டித் துப்பாக்கி

ஊட்டி அருகே கேத்திப் பக்கம் உருளைக்கிழங்கைக் கொட்டகையில் அடுக்கினால் பெருச்சாளியும் கூடவே குடிவந்துவிடும். பையன் போட்டிக்கு வாங்கிய 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பரணில் சும்மா கிடக்கிறதா? அதுவே போதும், சில மாற்றங்கள் வேண்டும்.

முதலில் குறிபார்க்கும் துளை. வெளிச்சமான அரங்கில் அருமையானது, மங்கலான கொட்டகையில் ஒன்றுமே தெரியாது. அதைக் கழற்றிவிட்டு, அது பொருந்தியிருந்த அதே 11 மில்லிமீட்டர் காடியில் (துப்பாக்கி மேலுள்ள பள்ளத்தில்) ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, மாட்டுங்கள். 10 மீட்டரில் ஃபோகஸ் ஆகிறதா என்று பார்த்தே வாங்குங்கள். பெரிய ரைஃபிள் ஸ்கோப்பில் பக்கத்தில் இருப்பது கலங்கித்தான் தெரியும். குழல் ஸ்கோப்புக்குச் சில அங்குலம் கீழே இருப்பதால், எலி வரும் தூரத்திலேயே தாளில் சுட்டுச் சரிசெய்யுங்கள். இரண்டு மீட்டர் மாறினாலும் குண்டு விலகும்.

அப்புறம் டிரிகர். போட்டிக்காக மிக இலேசாக வைத்திருப்பார்கள். ஊட்டிக் குளிரில் மரத்த விரல் பட்டாலே சுட்டுவிடும். கொஞ்சம் இறுக்குங்கள். தட்டைத் தலைக் குண்டையே போடலாம். கல்சுவரில் பட்டுத் தெறிக்கும், பின்னால் மணல் மூட்டை கட்டாயம்.

இதெல்லாம் எலிக்கு மட்டும். காட்டுப்பன்றி, மலபார் அணில் மேல் குறிவைத்தால் 1972 வனவிலங்குச் சட்டப்படி வழக்குதான்.